செவிலியர் பயிற்சியாளரா, மருத்துவச் செவிலியரா?

"இன்னும் பயிற்சியிலதான் இருக்கீங்களாம்மா? டாக்டர் எப்போ வருவாங்க?" மகனோடு இருக்க அமெரிக்கா வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவர் கையில் தமிழ்த் துண்டறிக்கை. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் செவிலியர் நான்; ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் என்ற என் பதவியைக் 'குடும்ப செவிலியர் பயிற்சியாளர்' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். இந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பாட்டி மேல் தவறே இல்லை. ஊரில் பயிற்சி மருத்துவர் என்றால் ஹவுஸ் சர்ஜன். கிரிக்கெட் பயிற்சியாளர் என்றால் கோச். அப்படியானால் செவிலியர் பயிற்சியாளர், செவிலியருக்குப் பாடம் நடத்துபவர். நான் அதுவும் இல்லை. பாடகர் சாதகம் செய்வதும் 'ப்ராக்டிஸ்', வக்கீல் தொழில் நடத்துவதும் 'ப்ராக்டிஸ்'. இதில் எது என்று யோசிக்காமல் அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். மருந்து எழுதித் தருபவர் கற்றுக்குட்டி என்று நினைக்கும் நோயாளி அந்த மருந்தை எப்படி நம்பி விழுங்குவார்?

நர்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும். நம் செவிலியும் சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்தான். இலங்கையில் தாதி என்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை.

சிக்கல் 'ப்ராக்டிஷனர்' என்ற அடுத்த பாதியில். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய படிப்புதான் நர்ஸ் ப்ராக்டிஷனர். பதிவுபெற்ற செவிலியர் மேற்பட்டம் படித்து, தேசியத் தேர்வும் எழுதி, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே செய்யலாம்.

'செவிலிய மருத்துவர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதையும் ஏற்க மாட்டேன். நான் மருத்துவர் இல்லை, அப்படி நம்ப வைப்பதும் தப்பு. 'குடும்பநலச் செவிலியர்' இன்னும் மோசம். குடும்பநலம் என்றாலே தமிழ்நாட்டில் கருத்தடை அறுவைதான் நினைவுக்கு வரும். இங்கே குடும்பம் என்பது கைக்குழந்தை முதல் தாத்தா வரை எல்லா வயதினரையும் பார்ப்பது.

அதனால் குடும்ப மருத்துவச் செவிலியர் என்றே எழுதலாம் என்கிறேன். எல்லாச் செவிலியரும் மருத்துவத்துறைதானே என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் 'மருத்துவம் பார்ப்பது' என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். மருத்துவம் பார்க்கும் செவிலியர் மருத்துவச் செவிலியர்.

பாட்டிக்கும் இப்படித்தான் விளக்கினேன். அப்புறம் அவர் மகனிடம் போனில், "மருந்து எழுதிக் குடுக்குற நர்ஸம்மாடா" என்றார்.