க்ரீமரும் சர்க்கரைக் கிண்ணமும்: பக்கத்தில் வைத்து விற்பதெல்லாம் ஜோடி இல்லை

பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் க்ரீமர் (காபி மேசையில் க்ரீம் ஊற்றுகிற, மூக்கு வைத்த சின்னக் குவளை), சர்க்கரைக் கிண்ணம் என்ற ஜோடியில்தான் முதலில் கை வைக்கிறார்கள். டின்னர் செட் மாதிரி அலமாரியை அடைக்காது, விலையும் கையைக் கடிக்காது, இரண்டே உருப்படி என்பதால் முழு செட்டும் சேர்ந்துவிட்ட திருப்தி உடனே வந்துவிடும். நான் ஒஹையோவில், காலமானவர்களின் வீட்டுச் சாமான்களை மதிப்பிட்டு எஸ்டேட் சேலுக்கு விலை போடும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தச் சின்ன ஜோடியில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரிய மோசடி என்று எதுவும் இல்லை, பல சமயம் விற்பவருக்கே விஷயம் தெரியாது.

முதலில் எது எது என்று கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா, இந்தியானா பக்கம்தான் அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலைகள் குவிந்திருந்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஹாக்கிங், ஜெனட், ஃபெடரல், ஹேஸல்-அட்லஸ் போன்ற கம்பெனிகள் இயந்திரத்தில் அழுத்தி மலிவாகச் செய்து தள்ளியதுதான் டிப்ரெஷன் கிளாஸ். இளஞ்சிவப்பு, பச்சை, தேன் நிறம். ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாக வந்தது, சினிமா டிக்கெட்டோடு கொடுத்தது எல்லாம் இந்த வகைதான். அதே காலத்தில் ஒஹையோவின் நியூவார்க் ஊரின் ஹைஸி, அதே மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் ஊரின் கேம்பிரிட்ஜ் கிளாஸ், மவுண்ட்ஸ்வில்லின் ஃபாஸ்டோரியா, பெல்லெய்ரின் இம்பீரியல் ஆகியவை கையால் முடித்து, நெருப்பில் காட்டி மெருகேற்றி விற்றன, அது நகைக்கடைக்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கும் போன சரக்கு. இரண்டும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்து, அச்சின் இணைப்பு விட்டுச் சென்ற கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். மலிவுச் சரக்கில் கோடு நகத்தில் தட்டும், உயர்ந்த சரக்கில் அது பெரும்பாலும் உருகி மழுங்கியிருக்கும்.

இப்போது ஜோடி விஷயம். இதற்கும் முந்தைய விக்டோரியா காலத்து, அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடியில் மேசைக்கான செட் என்றால் நாலு உருப்படி: வெண்ணெய்த் தட்டு, க்ரீமர், மூடியோடு சர்க்கரைக் கிண்ணம், அப்புறம் கரண்டிகளைத் தலைகீழாகச் செருகி வைக்கும் உயரமான கிண்ணம் ஒன்று, அதை ஸ்பூனர் என்பார்கள். சர்க்கரைக் கிண்ணம் எப்போதோ உடைந்துபோயிருக்கும், ஸ்பூனர் தப்பியிருக்கும். கடைக்காரர் அதை க்ரீமர் பக்கத்தில் வைத்து, "மூடி இல்லாத சர்க்கரைக் கிண்ணம்" என்று சீட்டு ஒட்டிவிடுவார். மேலே இருக்கும் வேலைப்பாடு ஒன்றேதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அகலத்தைவிட உயரம் கூடி, விளிம்பு அலை அலையாகவோ பல் பல்லாகவோ இருந்தால் அது ஸ்பூனராக இருக்கவே வாய்ப்பு. அலை விளிம்பின் மேல் மூடி எப்படி உட்காரும்?

டிப்ரெஷன் கிளாஸில் பிரச்சினையே மூடிதான். கிண்ணம் பத்து வீட்டில் இருக்கும், மூடி ஒரு வீட்டில் இருக்கும். ஹாக்கிங் 1931 முதல் 1937 வரை செய்த மேஃபேர் என்ற வேலைப்பாட்டு வடிவத்தின் இளஞ்சிவப்புச் சர்க்கரைக் கிண்ண மூடி, சேகரிப்பாளர்கள் வருஷக்கணக்கில் தேடும் பொருள். கிண்ணத்தின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. அதனால் கிண்ணத்தின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். மூடி உட்காரச் சின்னப் படி இருந்து மூடி இல்லையென்றால், அரை உருப்படிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். படி இல்லை என்பதாலேயே மூடி கிடையாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், சில வடிவங்களில் மூடி விளிம்பின் மேலேயே உட்காரும், அந்த வடிவத்தின் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். நிறத்தையும் கடை வெளிச்சத்தில் நம்ப வேண்டாம். இரண்டையும் வெள்ளைத் தாள் மேல் வைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். ஒரே கம்பெனியின் இளஞ்சிவப்பே ஒரு உலைக்கு ஆரஞ்சு சாயலும் இன்னொரு உலைக்கு ஊதா சாயலுமாக வந்திருக்கிறது, வேறு வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்த ஜோடி அங்கேதான் மாட்டும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது மங்கல் கண்ணாடி. வருஷக்கணக்கில் ஈரம் பட்டுப் பட்டு, கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் கரைந்து வெளியேறிவிட்டால் உள்ளே ஒரு வெள்ளை மூட்டம் தங்கிவிடும். டிஷ்வாஷரின் சூடும் காரமும் இதே வேலையை இன்னும் சீக்கிரம் செய்யும். இது அழுக்கோ உப்புப் படிவோ இல்லை, கண்ணாடியே அரிக்கப்பட்டது. வினிகரில் ஊறவைத்தால் உப்புப் படிவு போகும், இது போகாது. ஆனால் நனைத்தால் மறைந்துவிடும், அங்கேதான் தந்திரம். தண்ணீரோ எண்ணெயோ அந்த நுண்ணிய குழிகளை நிரப்பியதும் கண்ணாடி பளிச்சென்று தெரியும். சிலர் உள்பக்கம் மினரல் ஆயில் அல்லது பேபி ஆயில் லேசாகத் தடவி வைக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்த மறுநாள்தான் சுயரூபம் தெரியும். க்ரீமரின் அடிப்பகுதி, கைப்பிடி உள்ளே ஒட்டுகிற இடம், மூக்கின் அடித்தொண்டை, இந்த மூன்றையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி வழுக்கினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், கீழே வைத்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால், "காய்ந்த நிலையில், கறுப்புத் துணி மேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது மூக்கு. க்ரீமரில் முதலில் அடிபடுவது அதுதான். விளிம்பு பெயர்ந்ததைத் தேய்த்துச் சமன் செய்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து நேராகப் பாருங்கள், மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே வளைவில் வருகிறதா என்று. தேய்த்த இடம் கூர்மையாகத் தட்டையாக இருக்கும், நெருப்பில் மெருகேறிய விளிம்போ உருண்டு வழவழவென்று இருக்கும். கைப்பிடி ஒட்டுமிடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

புதுச் சரக்கு பழசாக விலை போவது இன்னொரு கதை. ஃபெடரல் கம்பெனி 1930களில் செய்த மாட்ரிட் வடிவத்தை 1976-இல் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டுக்காக ரீகலெக்‌ஷன் என்ற பெயரில் மறுபடி போட்டார்கள், வடிவத்துக்குள் சின்னதாக 76 என்று பொறித்திருந்தார்கள், நாணயமான வேலை. பிறகு அச்சுகள் இந்தியானா கிளாஸுக்குப் போயின, அந்த 76 எடுக்கப்பட்டது, அதோடு குழப்பம் ஆரம்பித்தது. ஹாக்கிங்கின் கேமியோ வடிவத்தில் குழந்தைகள் விளையாடும் குட்டி செட் பார்த்தால் அதை 1930களின் சரக்கு என்று வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் கேமியோவில் குட்டி செட் செய்யவே இல்லை, அது பிற்காலத்தில் மாஸர் கம்பெனி செய்தது. அழகாகத்தான் இருக்கும், அதற்கான விலையில் வாங்கினால் தப்பே இல்லை. மாணிக்கச் சிவப்பில் க்ரீமர் பார்த்து, "1876-ஆம் வருஷத்துச் சாமான்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். ஏவான் அழகுசாதனக் கம்பெனி 1970களின் நடுவிலிருந்து விற்ற வரிசையின் பெயரே "1876 கேப் காட்". பெயரில் இருந்த வருஷம் பிறந்த வருஷமாகிவிட்டது.

அடியில் குறி இருந்தால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. ஹைஸியின் குறி வைர வடிவக் கட்டத்துக்குள் எச் (H) எழுத்து. ஆனால் வெறும் காகித லேபிளோடு விற்றது நிறைய உண்டு, லேபிள் முதல் கழுவலிலேயே போய்விடும். தவிர, ஹைஸி 1957-இல் மூடிய பிறகு அதன் அச்சுகளை இம்பீரியல் வாங்கிக்கொண்டது, அதனால் குறி இருந்தாலும் அது ஹைஸியே செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் நியூவார்க்கில் ஹைஸிக்கென்றும் கேம்பிரிட்ஜில் கேம்பிரிட்ஜ் கிளாஸுக்கென்றும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒரு மதியம் செலவழித்துப் பாருங்கள், பத்து வீடியோ பார்ப்பதைவிட அது உருப்படியான பாடம்.

யூவி (புற ஊதா ஒளி) டார்ச் மோகம் இப்போது தலைக்கேறியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிர்ந்தால் கண்ணாடியில் நிறத்துக்காகச் சேர்த்த யுரேனியம், யுரேனியம் என்றால் பழசு, பழசு என்றால் விலை. மூன்றும் தனித்தனி விஷயம். நிறம் நீக்க மாங்கனீஸ் போட்ட கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு நிறுத்திவைத்த யுரேனியம் 1958-க்குப் பிறகு மறுபடி கண்ணாடிக்குள் வந்தது, அதற்கப்புறமும் யுரேனியக் கண்ணாடி செய்திருக்கிறார்கள். கதிர்வீச்சு பயம் பற்றியும் கேட்கிறார்கள். அலமாரியில் வைத்து ரசிப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை, வெளிப்பாடு மிகமிகக் குறைவு. தினமும் அதில் ஊற்றிக் குடிப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அதே மாங்கனீஸ் கண்ணாடி வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மெல்லிய ஊதாவாக மாறும். கத்திரிப்பூ நிறத்தில் அடர்த்தியாக ஒரு ஜோடி தெரிந்தால், யாரோ செயற்கையாகக் கதிர் பாய்ச்சி நிறம் ஏற்றியிருக்கலாம். என்னைக் கேட்டால் அது நல்ல கண்ணாடியைக் கெடுத்த வேலை.

உபயோகிக்கலாமா என்பது எல்லாரும் கேட்பது. இதில் நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த க்ரீமர்கள் குளிர்ந்த க்ரீமுக்காகச் செய்யப்பட்டவை. நாமோ காபிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவோம். இவை செய்யப்பட்ட சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி அந்த அதிர்ச்சியைத் தாங்காது, கைப்பிடி ஒட்டுமிடத்தில் பட்டென்று விட்டுவிடும். வெதுவெதுப்பாக ஆறிய பால் போதும்.

கனமாக, வெட்டு வேலைப்பாட்டோடு, தட்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கிற ஈயப் படிகம் (ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடி) வேறு வகை. அதில் 24 சதவீதத்துக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கலாம். 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயினைப் படிகக் குடுவைகளில் நாலு மாதம் வைத்துப் பார்த்தபோது அது 2,000-த்திலிருந்து 5,000-த்துக்கும் மேல் போயிருந்தது. க்ரீமரில் யாரும் நாலு மாதம் பால் வைக்கப்போவதில்லை. ஆனாலும் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டாம், குழந்தைக்கான பாலை அதில் ஊற்றவே வேண்டாம். பூவும் பறவையும் பெயின்ட்டில் தீட்டிய ஜோடிகளிலும் கவனம் தேவை, அந்தப் பழைய வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் சகஜம். உள்பக்கமோ வாய் படும் விளிம்பிலோ வண்ணம் இருந்தால் அது அலமாரிக்கு மட்டும்.

விலை என்று வரும்போது 1990களின் விலைப் புத்தகத்தைக் காட்டிப் பேரம் பேசுகிறவரிடம் மசியாதீர்கள். சாதாரண வடிவங்கள் அன்று போன விலைக்கு இன்று போவதில்லை. ஏலத்தளங்களில் கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

தபாலில் வரவழைத்தால் விற்பவரிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மூடியைக் கிண்ணத்தின் மேல் வைத்துக் கட்டாமல் தனியாகச் சுற்ற வேண்டும். கைப்பிடி வளையத்துக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணிக்க வேண்டும். இரண்டு உருப்படியும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் அட்டை இருக்க வேண்டும். குளிர்காலத்தில் பெட்டி வந்ததும் உடனே சுடுதண்ணீரில் கழுவாமல், பிரித்து அரை நாள் வீட்டுக்குள்ளேயே விட்டு, அப்புறம் கழுவுங்கள்.