விலை பேசுமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

பழைய இத்தாலிய கேமரா என்றதும் ரோமில் உருவான ரெக்டாஃப்ளெக்ஸும் பொலோனியாவின் டுகாட்டி செய்த சோன்யோவும்தான் பேச்சில் அடிபடும். இரண்டின் விலையும் மாதச் சம்பளக்காரருக்கு எட்டாது. எட்டக்கூடியவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுக் குடும்பங்கள் தங்கள் விடுமுறைகளைப் பதிவுசெய்த எளிய கருவிகள்: மிலான் நகரத்துப் பென்சினி நிறுவனத்தின் காமெட், கொரோல் வகைகளும், லிகூரியாவில் தோன்றிய ஃபெரானியாவின் ரோண்டினே, எயூரா ஆகியவையும்.

கேமரா பழுதுபார்க்கும் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றியே கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் ஏமாந்திருப்பது ஃபிலிம் அளவில். ஒருவர் இணையத்தில் மலிவாக வாங்கிய காமெட்டைக் கொண்டுவந்தார். அலுமினிய உடல் வெள்ளிக் குவளைபோல் பளபளத்தது, ஷட்டரும் சொடுக்கென்று விழுந்தது. பின்மூடியைத் திறந்தால், ஃபிலிம் சுற்றிக்கொள்ள வேண்டிய காலி ஸ்பூல் இல்லை. காமெட்டுக்கு வேண்டியது 46 மில்லிமீட்டர் அகலமுள்ள 127 ஃபிலிம். கோடாக் அதை 1995-இல் நிறுத்திவிட்டது. இன்று சிறு தயாரிப்பாளர்களிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது அகலமான 120 ஃபிலிமை இருட்டில் வெட்டி, பழைய 127 ஸ்பூலில் சுற்ற வேண்டும். அந்த ஸ்பூலைத் தேடிப்பிடிக்க அவருக்கு நான்கு மாதமாயிற்று.

ஆகவே முதல் கேமராவாக நான் பரிந்துரைப்பது 1959-இல் வந்த எயூராவை. பிளாஸ்டிக் உடல்தான், பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போல் இருக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கும் 120 ஃபிலிமில் 6×6 செ.மீ. அளவில் பன்னிரண்டு படங்களைத் தரும். கொரோல் 24-உம் இதே ஃபிலிமை ஏற்கும், ஒரு சுருளில் 24 சிறு படங்கள் வரை எடுக்கலாம்.

நேரில் வாங்குவதாயின், பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஷட்டரைப் பலமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒளி ஒரே அளவில் மின்னி மறைய வேண்டும். தயங்கினால் உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கும், அல்லது சுருள்வில் தளர்ந்திருக்கும். அதற்குத் தையல் எந்திர எண்ணெயை விட்டுவிட்டு வருபவர்களின் கேமராவைக் கழுவித் துடைக்கவே எனக்கு அரைநாள் போய்விடுகிறது. லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்ணாடியை அரிக்காதவரை அதைத் துடைத்தெடுக்கலாம். படத்தின் எண்ணைப் பார்க்க உதவும் பின்புறச் சிவப்புச் சாளரம் உடைந்திருந்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதன் வழியே புகும் ஒளி சுருள் முழுவதையும் கெடுத்துவிடும்.