ரத்தக் கொடையாளர் பட்டியலில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம்

நண்பர்களோடு சேர்ந்து ரத்ததானக் குழு நடத்தும் ஒருவர் லேப்டாப்போடு என்னைப் பார்க்க வந்தார். கொடையாளர்களில் ஒரு பெண்ணுக்கு நேரங்கெட்ட நேரத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்களாம். “அண்ணா, என் நம்பரை எடுத்துடுங்க” என்று அந்தப் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டார். இவரும் எடுத்துவிட்டார். ஆனாலும் அழைப்புகள் நிற்கவில்லை.

“நாங்க ஒத்தைப் பைசா வாங்கறதில்ல மேடம். எங்களுக்கெல்லாமா இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்?”

தரவுப் பாதுகாப்பு வழக்கறிஞராக நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. நல்ல மனசோடு வேலை செய்கிறவர்கள்தான் கேட்கிறார்கள். அதனாலேயே பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். அவர் ஷீட்டைத் திறந்து காட்டினார். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த நாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அதில் ஒருவருக்கு நேராக “மஞ்சள் காமாலை, இப்போ கூப்பிட வேண்டாம்” என்று இருந்தது. இன்னொருவருக்கு “கர்ப்பம்”. மூன்றாவதாக ஒன்று: “மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், வீட்டில் தெரியாது.”

வீட்டில் தெரியாத அந்த விஷயம், லிங்க் கையில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு வழக்கு நினைவுக்கு வரும். ஸ்வீடனில் போடில் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண், தேவாலயம் ஒன்றில் தொண்டு செய்துவந்தார். 1998ஆம் ஆண்டின் இறுதியில், தன்னையும் உடன் பணியாற்றிய 18 பேரையும் பற்றி இணையத்தில் எழுதினார். சிலருடைய தொலைபேசி எண்களையும் சேர்த்திருந்தார். ஒருவருக்குக் காலில் அடிபட்டு, பாதி நேரம்தான் வேலைக்கு வருகிறார் என்றும் எழுதியிருந்தார். சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார். இருந்தும் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு, தொண்டு அல்லது மதப்பணி என்பதால் மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்றது. காலில் அடி என்பதும் உடல்நலத் தகவல்தான் என்றது. எண்ணற்றவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, இது என் சொந்த விஷயம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னது.

அப்போது இருந்தது 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம். 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு அதிலும் விலக்கு உண்டு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு. உங்கள் போனில் இருக்கும் சொந்தக்காரர்கள் எண்களுக்கு அது பொருந்தும். நூறு பேரின் விவரத்தை வாங்கி ஒரு குழு வைத்துக்கொண்டால் பொருந்தாது. 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அமைப்புகளுக்கு, தரவை எப்படிக் கையாள்கிறோம் என்ற பதிவேடு எழுதுவதில் ஜிடிபிஆர் சலுகை தந்தது. அதை நம்பி வருபவர்களும் உண்டு. ஆனால் உடல்நலத் தகவல் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது 2018இல் நடைமுறைக்கு வந்த அதே பிரிவிலேயே எழுதியிருந்தது.

சரி, நீக்கிய பிறகும் ஏன் போன் வந்தது? அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். முதல் வருடம் ஷீட்டை வாட்ஸ்அப்பில் தொண்டர்கள் பதினோரு பேருக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களில் நாலு பேர் இப்போது குழுவிலேயே இல்லை. ஒருவர் அவசரத்துக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஒரு நோயாளியின் உறவினருக்கு அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. இவர் அழித்தது தன் லேப்டாப்பில் இருந்த ஒரு வரியை மட்டும். ஒருவர் கேட்டுத் தரவை நீக்கினால், அது யார் யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஜிடிபிஆரின் 19ஆம் பிரிவு. முடியவே முடியாத நிலையிலோ அளவுக்கு மீறிய சிரமம் இருந்தாலோதான் விலக்கு. என்னைக் கேட்டால், சிறு குழுக்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவு அதுதான். அபராதத் தொகையைப் பார்த்துப் பயப்படுகிறோம். பழைய பிரதிகளைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தோம். ‘குறிப்பு’ கட்டத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘எந்தத் தேதி வரை கூப்பிட வேண்டாம்’ என்று ஒரு தேதி மட்டும் வைத்தோம். காமாலையோ கர்ப்பமோ மாத்திரையோ, காரணம் தொண்டருக்கு எதற்கு? ரத்தம் எடுக்கும் மருத்துவமனை எப்படியும் கொடையாளரிடம் நேரில் கேட்டுக்கொள்ளும். வீட்டு முகவரியை ஏன் வாங்கினீர்கள் என்றேன். “ஃபார்ம்னா அட்ரஸ் இருக்குமில்லையா மேடம்” என்றார். அதையும் எடுத்தோம். பிறந்த தேதிக்குப் பதில், ‘பதினெட்டு முடிந்தவர்’ என்று ஒரு டிக் போதும்.

ஷீட்டைத் திறக்கும் அனுமதி மூன்று பேருக்கு மட்டும். லிங்க் மூலம் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பை அணைத்தோம். முக்கியமான மாற்றம் வேறு: இனி நோயாளியின் குடும்பத்துக்குக் கொடையாளரின் எண் போகாது. தொண்டர் முதலில் கொடையாளரைக் கூப்பிடுவார். அவர் சம்மதித்தால், குடும்பத்தின் எண்ணை அவரிடம் கொடுப்பார். “ரெண்டு நிமிஷம் கூட ஆகுமே மேடம்” என்றார். ஆகும். ராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வரும் அழைப்புகளோடு அந்த இரண்டு நிமிடத்தை வைத்துப் பாருங்கள் என்றேன்.

தொண்டர் ஒருவரின் போன் தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைக்கச் சொன்னேன். ஐரோப்பாவில், யாருக்கும் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றாலொழிய, தகவல் கசிந்தது தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்டம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்கிறது.

அடுத்த வாரம் அவர் பதினோரு பேரையும் கூப்பிட்டு ஷீட்டை அழிக்கச் சொன்னார். ஒன்பது பேர் அழித்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேர் எண் மாறிப் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன். எத்தனை பிரதி இருந்தது, எத்தனை அழிந்தது, எந்த இரண்டைப் பிடிக்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினார். எண்ணை மாற்றிக்கொண்டதாக அந்தப் பெண் பதில் போட்டார். புது எண்ணை அவர் தரவில்லை, இவரும் கேட்கவில்லை.