மூடி போட்ட பிரஷ் ஏன் காயாது?

ஐப்பசியில் ஏற்காட்டில் துணி துவைத்துப் போட்டவர்களுக்குத் தெரியும், இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. பாத்ரூமில் நிற்கும் டூத்பிரஷ்ஷுக்கும் அதே கதிதான், அதை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஒருமுறை இழைகளைக் கட்டைவிரலால் பிரித்துப் பாருங்கள். நுனி காய்ந்திருக்கும், பிளாஸ்டிக்கில் செருகிய அடிப்பக்கத்தில் பழைய பேஸ்ட் வெள்ளையாகப் படிந்து ஈரமாகவே இருக்கும். இழைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதால் நடுவில் புகுந்த தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது, பல் தேய்க்கும்போது வரும் எச்சில், சோற்றுத் துணுக்கு, வாயில் இதுவரை கண்டறிந்த 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளில் பலவும் அங்கேதான் போய்ச் சேரும். ஈரமும் தீனியும் கிடைத்துவிட்டால் அவை பசை மாதிரி ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் உயிர்ப்படலம். குழாயில் ஒரு நொடி காட்டினால் இது போகாது, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

உலர்ந்தால் வாய்க் கிருமிகளில் பெரும்பாலானவை தாங்காது. சித்திரை வெயிலில் சேலத்துப் பிரஷ் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மேகமே ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் ஊரில், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாவது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். பிரஷ்ஷுக்கு மூடி மாட்டினால் கீழே சேலம் அஸ்தம்பட்டியிலும் அதற்கு ஏற்காட்டு ஐப்பசிதான்! சுத்தம் என்று நினைத்துப் போடுகிற மூடி, சூடோமோனாஸ் போன்ற ஈரம் விரும்பும் பாக்டீரியாக்களுக்குத்தான் வசதி. பயணத்துக்குப் போட்டால் சரி, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

கக்கூஸும் குளியலறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் இன்னொரு விஷயம். பிளஷ் செய்யும்போது கிருமியோடு நுண்ணிய துளிகள் காற்றில் எழும்பி அக்கம்பக்கத்தில் படியும் என்று அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா குழுவினர் 1975-இலேயே காட்டினார்கள். பிரஷ்ஷை வெளியே வாஷ்பேசின் பக்கம் காற்றோட்டமாக, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.

ஆரோக்கியமாக இருப்பவருக்கு அவருடைய சொந்தப் பிரஷ்ஷால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. எனக்குக் கவலை, வீட்டிலுள்ள எல்லாருடைய பிரஷ்ஷும் ஒரே டம்ளரில் தலையோடு தலை உரசி நிற்பதுதான். ஈறில் ரத்தம் கசிந்தால் அது பக்கத்துப் பிரஷ்ஷிலும் படும், ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தங்கச்சி பிரஷ்தானே என்று எடுத்துத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

கொதிக்கும் தண்ணீரில் போடுவதும் தேவையில்லை, இழைதான் வளையும். மூன்று நான்கு மாதத்தில், இழை விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, புதுசு வாங்கிவிடுங்கள்.