"இரண்டு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

குடியை நிறுத்த வேண்டும் என்று கணவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார் எங்கள் தெருப் பெண் ஒருவர். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கிடைத்த பதில்: "வாடை அடிக்கிறது. இரண்டு நாள் குடிக்காமல் இருக்கட்டும், திங்கட்கிழமை கூட்டி வாம்மா." அப்படியே செய்தார். அன்று இரவே கணவரால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள், போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தினமும் குடிப்பவரின் மூளையை மது அமுக்கியே வைத்திருக்கும். அதை ஈடுகட்ட மூளையும் தன்னை முடுக்கிக்கொள்ளும். குடியைச் சட்டென்று நிறுத்தினால் அமுக்கம் போய்விடும், முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளில் பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மூளையை அமைதிப்படுத்தும் டயாசிபாம் வகை மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து, மருத்துவர் பார்வையில் மெல்லத் தணிக்க வேண்டிய நிலை இது. அதற்காக வீட்டில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே சொல்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது பிரிவு 18 தரும் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு இலவசம். அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம்தான். "கார்டு எங்கே?" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த அலைச்சல்: கேஷுவாலிட்டியில் "மனநலப் பிரிவுக்குப் போ", அங்கே போனால் "டாக்டர் திங்கட்கிழமைதான்". அதே சட்டத்தின் பிரிவு 94-இன்படி, அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். "குடியை நிறுத்த வந்தோம்" என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.

அலுத்துப்போய்த் தனியார் மையத்துக்குப் போகிறவர்கள், சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்துவதும் சங்கிலியில் கட்டுவதும் சட்டவிரோதம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியைத் தொடவே வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் (மதுவை உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) இருந்து, அதற்கு மேல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். காப்பீட்டை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் பாலிசியில் விலக்கு எண் 12-ஐப் படியுங்கள். குடிப்பழக்கச் சிகிச்சையை அங்கேதான் கழற்றிவிட்டிருப்பார்கள்.

வழி தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், எண் 14416. சேர்க்க மறுத்தால் சண்டை வேண்டாம். காரணத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகு, அதுவரை இல்லாத படுக்கை ஒன்று காலியானதை நான் பார்த்திருக்கிறேன்.