கதவடைத்த பட்டறையில் மிதக்கும் தூள்

இலங்கை மலையகத்தில் நானுஓயா, ஹட்டன், வெலிமடைப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் மூடுபனி இறங்கியதும் பாஸ்மார் (தச்சர்கள்) முதலில் செய்வது சன்னலைச் சாத்துவது. குளிருக்காக மட்டுமல்ல. ஈரக்காற்று பட்டால் பூசிய வார்னிஷ் வெளுத்துப்போகும், ஒட்டிய பசை காய மறுக்கும். கீழ்நாட்டில் நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் வேலை செய்பவருக்குக் காற்றே பாதித் தூளை அள்ளிக்கொண்டு போய்விடும். மலையில், மரத்தைத் தேய்க்கும் சாண்டர் இயந்திரம் கிளப்பிய தூள் அத்தனையும் அறைக்குள்ளேயே நிற்கிறது.

வாள் கக்குகிற பெரிய தூளால் பெரிய தொல்லை இல்லை. 100 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள துணிக்கை மூக்கு உயரத்திலிருந்து 6 விநாடியில் தரைக்கு வந்துவிடும். கூட்டி அள்ளினால் முடிந்தது. 10 மைக்ரோன் துணிக்கைக்கு அசையாத காற்றில் 8 நிமிடம் வேண்டும், 5 மைக்ரோனுக்கு அரை மணி. 1 மைக்ரோன் விழ ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். அதாவது மாலையில் தேய்த்த தூளின் ஒரு பகுதி மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போதும் அந்தரத்தில் நிற்கும். நுரையீரலின் அடிவரை போவது இந்தக் கடைசி இரண்டு வகையும்தான். சற்றுப் பெரியவை மூக்கிலேயே தங்கிவிடுகின்றன, அதுவும் நல்லதல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதலாம் வகையில் சேர்த்தது. அதற்கு முக்கிய காரணம் மூக்கறையிலும் அதை ஒட்டிய காற்றறைகளிலும் வரும் புற்றுநோய். தேயிலைக்கு நிழலாக நட்டு, வயதானதும் பலகையாக அறுபடும் சபுக்கு மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே விவரிப்பது விசிறியும் வடிகட்டிகளும் பூட்டி அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு பெட்டி. அது, தூள் பிறக்கும் இடத்தில் உறிஞ்சும் குழாய்க்கு மாற்று அல்ல. சாண்டருக்கும் உங்கள் மூக்குக்கும் இடையில் இரண்டடி தூரம்தான். எந்தப் பெட்டியும் அந்த இரண்டடிக்குள் முந்திக்கொள்ளாது. தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போட்டே ஆகவேண்டும். உறிஞ்சும் குழாய்க்கும் தூள் பிடிக்கும் பைக்கும் தப்பி அறையில் சுற்றும் மிச்சத்தைப் பிடிப்பதுதான் பெட்டியின் வேலை.

எவ்வளவு காற்று வேண்டும்

20 அடிக்கு 13 அடி, உயரம் 9 அடி என்று ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறத்தாழ 65 கன மீட்டர். மணிக்கு 8 தடவை அறைக்காற்று சுத்தமாக வேண்டுமானால் 65ஐ 8ஆல் பெருக்கி 520 கன மீட்டர். சுத்தமான காற்றும் அழுக்குக் காற்றும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் எல்லாத் தூளும் போய்விடாது. ஒரு சுற்றுக்கு 63 வீதம்தான் குறையும், மூன்று சுற்றில் 95 வீதம். இந்தக் கணக்கில், தேய்ப்பதை நிறுத்திய பிறகு 22 நிமிடம் ஓடவிட்டால் காற்று ஏறக்குறையத் தெளிந்துவிடும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் இங்கேதான் கெடுக்கிறது. அரை மணி நேர டைமர் ஒன்றைச் செருகிவிடுங்கள்.

வடிகட்டியைச் சல்லடை என்று பலர் நினைக்கிறார்கள். நார்களுக்கு இடையிலுள்ள ஓட்டைகள் தூளைவிடப் பலமடங்கு பெரியவை. பெரிய துணிக்கை பிடிபடுவது வேறு விதமாக: ரம்பொடை வளைவில் வேகமாக வந்த லொறி திரும்ப முடியாமல் மண்மேட்டில் மோதுவதைப் போல, காற்று நாரைச் சுற்றி வளையும்போது கனத்த துணிக்கை நேரே போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறியது காற்று மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி அலைக்கழித்ததில் எங்காவது ஒரு நாரில் போய் முட்டும். இரண்டுக்கும் நடுவே 0.3 மைக்ரோன் அளவில் இருப்பதுதான் தப்பிப்பதில் கெட்டி. கடையில் கிடைக்கும் நல்ல வடிகட்டிகளின் நார்களில் மின்னேற்றமும் இருக்கும். அது இந்த நடுவாந்தர அளவை இழுத்துப் பிடிக்கும்.

வாங்கவேண்டியது எஃப்7 தரம், நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டிக்கான ஐரோப்பியக் குறியீடு. அமெரிக்கக் கணக்கில் சொன்னால் மெர்வ் 13க்குக் கிட்ட. அதைவிட நுண்ணிய எச்13 ஹெப்பா வடிகட்டியை வாங்கினால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்களுக்கு: ஹெப்பா ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடிக்கும், ஆனால் சாதாரண விசிறியால் அதனூடே காற்றை இழுக்க முடியாது. மணிக்கு 150 கன மீட்டரை முழுதாகச் சுத்தம் செய்வதைவிட 600 கன மீட்டரில் 85 வீதத்தைப் பிடிப்பது மூன்று மடங்குக்கும் மேல் லாபம். தப்பியது அடுத்த சுற்றில் மாட்டும்.

2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் கொரோனா காலத்துக்காகப் பரப்பிய பெட்டியின் சூட்சுமம் இதுதான்: விசிறி ஒன்று, வடிகட்டி நான்கு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் பெரிய விசிறி, குறைந்த அழுத்தம், அகலமான பரப்பு. கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் காற்று ஏறாது. வடிகட்டியும் அப்படியே. ஏசிக் குழாய்களில் வடிகட்டியினூடே காற்று விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போகும்போது தடை 100 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும். நான்கு வடிகட்டிக்குப் பிரித்துக் கொடுத்தால் வேகம் 0.11 மீட்டருக்கு இறங்கும், தடை 5 பாஸ்கல் மட்டில் நிற்கும். ஒன்றை மட்டும் பூட்டினால் அதே காற்றுக்கு ஏறத்தாழ 18 பாஸ்கல். காற்று மெதுவாகப் போவதால் நுண்தூளும் கூடுதலாகப் பிடிபடும்.

மலைக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி உண்டாக்கும் அழுத்தமும் அதே அளவு குறைகிறது. ஆனால் இந்த மெதுவான வேகத்தில் வடிகட்டியின் தடை காற்றின் பிசுக்குமையை (பாகுத்தன்மையை) பொறுத்ததே தவிர அடர்த்தியைப் பொறுத்ததல்ல. எனவே தடை அப்படியே இருக்க, விசிறி மட்டும் இளைக்கிறது. மோட்டாரும் மெல்லிய காற்றில் குறைவாகவே குளிரும். கொழும்பில் மூன்று வடிகட்டியோடு ஒப்பேற்றலாம் என்றாலும் மலையில் நாலைக் குறைக்காதீர்கள்.

பெட்டி

விசிறிக்கு 12 அங்குல உலோக எக்ஸோஸ்ட் ஃபேன், நிமிடத்துக்கு 1400 சுற்று வேகம். பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவு தடையில்லாமல் சுழலும்போது உள்ளது. வடிகட்டி பூட்டினால் பாதி என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 1200 கன மீட்டருக்குக் குறையாததை வாங்குங்கள். சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 700. சதுர பொக்ஸ் ஃபேனும் சரிவரும், ஆனால் அதன் நான்கு மூலைகளிலும் இறக்கை எட்டாத இடம் இருக்கும். வெளியே தள்ளிய காற்று அந்த மூலை வழியாகவே திரும்ப உள்ளே வரும். மூலைகளைப் பலகையால் மூடி வட்டத் துளை விடவேண்டும். எக்ஸோஸ்ட் ஃபேனுக்கு வளையம் கூடவே வருவதால் அந்தச் சிரமம் இல்லை.

வடிகட்டி 24க்கு 24 அங்குலம், தடிப்பு 2 அங்குலம், எண்ணிக்கை நான்கு. ஏசி உதிரிப்பாகம் விற்பவர்களிடம் கேட்டுப் பெறலாம். அட்டைச் சட்டம் போட்டது வேண்டாம், மலை ஈரத்தில் இரண்டு மாதத்தில் ஊதி வளையும். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் சட்டமும் செயற்கை நாரும் உள்ளதாகப் பாருங்கள். சொல்லும் அளவைவிட உண்மை அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும், ஆகவே வடிகட்டி கைக்கு வரும்வரை பலகையை அறுக்க வேண்டாம்.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அடிப்பலகை ஒன்று, மேற்பலகை ஒன்று. மூலைகளில் 4க்கு 4 சென்டிமீட்டர் கட்டையில் நான்கு கால். கால்களின் வெளிமுகத்தோடு வடிகட்டிகள் கதவுபோல நின்று, சுழலும் கொண்டிகளால் இறுகவேண்டும். சட்டத்திலுள்ள அம்புக்குறி பெட்டியின் உள்ளே பார்க்கட்டும். மேற்பலகை நடுவில் வட்டம் அறுத்து, விசிறி மேல்நோக்கி ஊதும்படி பூட்டுங்கள். அழுக்கு வடிகட்டியிலேயே நின்றுவிடுவதால் மோட்டாருக்குச் சுத்தமான காற்றே போய்ச் சேரும். வெளிப்புறம் கம்பி வலை, அடியில் சில்லு நான்கு. வயர் மூன்று இழையாக இருக்கவேண்டும், எர்த் இழையை விசிறியின் உலோக வளையத்தோடு இணைக்கவேண்டும்.

தகரக் கூரைக்கு ஒரு எச்சரிக்கை. விடிகாலையில் தகரத்தின் அடியில் பனித்துளி கோத்துச் சொட்டும், நேராக மோட்டாரின் மேல். விசிறிக்கு மேலே 20 சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக ஒரு பலகையைக் கூரைபோலப் பூட்டிவிட்டால் சொட்டும் விழாது, காற்றும் பக்கவாட்டில் திரும்பி அறையைச் சுற்றும். அது இல்லாவிட்டால் மேலே பாயும் காற்று வளைகளில் வருடக்கணக்காகப் படிந்த தூளைத் தட்டிவிட்டு, பெட்டி வைத்ததால்தான் தூசி கூடியது என்ற கெட்ட பெயரை வாங்கித் தரும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுக் கோட்டைவிடுவது இடுக்குகளில்தான். நான்கு வடிகட்டிகளின் சுற்றளவு மொத்தம் ஏறத்தாழ 9.6 மீட்டர். சுற்றிலும் ஒரு தீக்குச்சித் தடிப்பில், 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது 190 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. 10 பாஸ்கல் அழுத்தத்தில் அதன் வழியே மணிக்கு 180 கன மீட்டருக்கு மேல் ஓடும். 600இல் முப்பது வீதம் வடிகட்டியைத் தொடாமலே போய்விடுகிறது! எஃப்7 வாங்கிய காசு அந்த இடுக்கில் போனது போலத்தான். வடிகட்டி அமரும் விளிம்பு முழுதும் 10 மில்லிமீட்டர் அகல இறப்பர் ஸ்பொன்ஞ் பட்டியை ஒட்டி, கொண்டியால் அது பாதியாக நசுங்கும்வரை இறுக்குங்கள். பலகை மூட்டுகளுக்கு சிலிக்கன்.

இனி ஊதுபத்தி ஒன்று போதும். பட்டறையைக் கூட்டி, தூளை வெளியேற்றி, வேறு இயந்திரம் எதுவும் ஓடாதபோது மட்டும் கொளுத்துங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். வடிகட்டியின் முகத்தில் புகை அகலமாகப் பரவி, சோம்பலாக உள்ளே போகும். இடுக்கு உள்ள இடத்தில் அதே புகை திடீரென்று நூலாக மெலிந்து, ஒரே புள்ளியில் சுருக்கென்று பாயும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து அடையுங்கள்.

நாள்பட

வெளியே ஜி4 தர வெள்ளைப் பொலியெஸ்டர் பஞ்சைச் சுற்றி இலாஸ்டிக் போட்டால் பருந்தூள் அதிலேயே நின்றுவிடும், எஃப்7க்கு ஆயுள் கூடும். பஞ்சை வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசலாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை துவைத்தது காய நாள்கணக்காகும் என்பதால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்7ஐக் கழுவவே கூடாது. கொம்பிரசரால் ஊதவும் கூடாது, நார் விலகிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மெல்லிய பிரஷ் போட்ட வக்யூமால் அழுக்குப் பக்கத்தை லேசாக இழுத்தால் சரி.

எப்போது மாற்றுவது? வடிகட்டி கறுத்துவிட்டது என்பது மட்டும் போதிய அடையாளமல்ல. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயில் அரை மீட்டர் வெட்டி, ஒரு முனை மறுமுனையைவிட 5 சென்டிமீட்டர் உயரும்படி பலகையில் சாய்த்துப் பூட்டுங்கள். தாழ்ந்த முனை ஜாம் போத்தலில் உள்ள சாயத் தண்ணீருக்குள் இருக்கட்டும், ஒரு சொட்டு சோப்பும் சேருங்கள். உயர்ந்த முனையைப் பெட்டியின் உள்ளே விடுங்கள். இந்தச் சாய்வில் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு பாஸ்கல் என்று கொள்ளலாம். புது வடிகட்டியோடு எவ்வளவு ஏறியது என்று கோடு போடுங்கள். ஏற்றம் அதன் இருமடங்கைத் தொட்டு, பஞ்சைக் கழுவியும் இறங்காவிட்டால் எஃப்7க்குக் காலம் முடிந்தது. அடைபட்ட வடிகட்டியோடு ஓட்டினால் மோட்டாருக்கும் காற்று கிடைக்காமல் சூடேறும்.

லெக்கரும் தின்னரும் அடிக்கும்போது பெட்டியை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறக்கவேண்டும், பனியாக இருந்தாலும். ஆவியை இந்த வடிகட்டி பிடிக்காது, நாரிலுள்ள மின்னேற்றத்தை அந்த ஆவி கெடுக்கும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. காற்றை வாளித் தண்ணீருக்குள் குமிழியாக விட்டுக் கழுவும் யோசனையை விட்டுவிடுங்கள். நுண்தூள் குமிழிக்குள் உட்கார்ந்தபடியே வெளியே வந்துவிடும்.

வேலை நடக்கிறதா என்று அளந்து பார்க்க 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட தூளை அளக்கும் ஒரு மலிவான பிஎம்2.5 உணரி போதும். விசிறியை அணைத்து ஐந்து நிமிடம் தேய்த்து நிறுத்துங்கள். அளவு பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் என்று பார்த்து, 42ஐ அதனால் வகுங்கள். 21 நிமிடம் என்றால் மணிக்கு 2 சுற்று, அது இடுக்குகளும் தானாகப் படிவதும் செய்த வேலை. விசிறியை ஓடவிட்டு மறுபடி செய்யுங்கள். 4.2 நிமிடம் வந்தால் 10 சுற்று. வித்தியாசம் 8, அதுதான் பெட்டி தந்தது. இந்த வித்தியாசம் 4க்குக் கீழே வந்தால் வடிகட்டியைக் குறைசொல்வதற்கு முன் ஊதுபத்தியை இன்னொருமுறை கொளுத்துங்கள். வெயில் நாளில் மட்டும் இதைச் செய்யவேண்டும். மூடுபனி உள்ளே புகுந்திருந்தால் உணரி நீர்த்துளியையும் தூள் என்றே எண்ணி, ஒரு பலகையும் தேய்க்காத பட்டறையிலும் சிவப்பைக் காட்டும்.