மூக்கைப் பொத்தும் குழந்தையும் நீங்கள் ஊற்றும் பினாயிலும்

ஜூனில் பள்ளி திறக்கும். மே கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "ஏனுங்க டாக்டர், கக்கூஸுக்குள்ள காலே வெக்க மாட்டீங்குதுங்க. வாசப்படியிலயே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓங்கரிக்குது. ஆனா ஜட்டியப் போட்டுவிட்டாக் கதவுக்குப் பின்னால நின்னு போயிருது. அத்தனையும் புடிவாதமுங்க."

பிடிவாதம் இல்லை. ஓங்கரிப்பு தானாக வருவது. இரண்டரை வயதுக் குழந்தை உங்களை ஏமாற்ற அதை ஒத்திகை பார்ப்பதில்லை. சில குழந்தைகளுக்கு மணம் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும். அடித்தோ கட்டிப்பிடித்து உட்கார வைத்தோ அதை மாற்ற முடியாது.

"எங்க பாத்ரூம்ல நாத்தமே கெடையாதுங்க, தினமும் ரெண்டு மூடி பினாயில் ஊத்தறோம்" என்பது அடுத்த வரி. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் குழந்தை ஓடுவது பெரும்பாலும் அந்தப் பினாயிலைக் கண்டுதான். பினாயில் நாற்றத்தை எடுப்பதில்லை, அதன் மேல் இன்னொரு நெடியைப் போர்த்துகிறது. உங்களுக்கு அது உறைக்காததற்குக் காரணம், ஒரே மணத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். அதிலும் நீங்கள் நின்றுகொண்டு முகர்கிறீர்கள். குழந்தை குத்தவைத்தால் அதன் மூக்கு தரையிலிருந்து இரண்டடி உயரம்கூட இல்லை. பினாயில் காய்வதும் அங்கேதான், பழைய மூத்திரக் கறை இருப்பதும் அங்கேதான். ரூம் ஃப்ரெஷ்னர் கட்டி, ஊதுபத்தி, 'லாவண்டர்' பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே கதை. "நல்ல வாசந்தானுங்களே" என்று சொல்லாதீர்கள். அந்த மூக்குக்கு நல்ல வாசமும் நெடிதான்.

வாஷ்பேசினில் போடும் பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் வயது இது. ஜி6பிடி என்ற நொதி இரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரமும் வேண்டாம், விழுங்கினால் வலிப்பு வரும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டால் வருவது குளோரின் வாயு, அதைச் 'சுத்தமான வாசம்' என்று நம்புகிறவர்களும் உண்டு. தெருவில் வண்டியில் விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் தண்ணீர் பாட்டிலில் வாங்கி மூலையில் வைப்பதைப் பற்றி எத்தனை முறை சொல்வது? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவாருங்கள்.

சரி, உண்மையான நாற்றம் எங்கிருந்து வருகிறது? தரை ஜாலிக்குக் கீழே நாணி டிராப் என்ற கிண்ணம் போன்ற பகுதியில் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடை வாயுவைத் தடுப்பது. கோடையில் அது வற்றும். அதிகம் புழங்காத பாத்ரூமில் இன்னும் சீக்கிரம் வற்றும். இரவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்தது உப்புக்கறை. நம் பக்கத்தில் குடிக்க ஆற்றுத் தண்ணீர், புழங்க போர்த் தண்ணீர். அந்த உப்பு பீங்கானிலும் டைல்ஸ் இடுக்கிலும் படிந்து மூத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எதை ஊற்றினாலும் அடியில் அது அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். வாரம் ஒரு தரம் போதும். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்கு மட்டும் இதைச் செய்யக்கூடாது. மற்ற நாளில் வாசனையில்லாத சோப்பும் நிறையத் தண்ணீரும். எதைக் கழுவுவதானாலும் குழந்தை தூங்கிய பிறகு. கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை பிளாஸ்டிக் கவரால் அடைத்திருந்தால் கிழித்துவிட்டு வலை அடியுங்கள். பக்கெட்டுக்கும் சொம்புக்கும் அடியில் இருக்கும் வழவழப்பையும் தேய்க்கவேண்டும்.

பழக்கத்தை பாத்ரூமுக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு 'பாட்டி' (potty) சீட்டை, அதாவது குழந்தை உட்கார்ந்து போகும் சின்ன இருக்கையை, வாசலிலோ ஆசாரத்து (கூடத்து) மூலையிலோ போடுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒட்டாது, நாற்றமும் குறையும். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் உட்கார வையுங்கள், குடல் தானே அசையும் நேரம் அது. ஐந்து நிமிடம்தான். வரவில்லையா, எழுப்பிவிடுங்கள், முகம் சுளிக்காமல். நான்கைந்து நாள் தகராறில்லாமல் போனால் சீட்டைப் பாத்ரூம் பக்கம் இரண்டடி நகர்த்துங்கள். அப்புறம் வாசப்படி, அப்புறம் உள்ளே, கதவு திறந்தபடி. மறுபடி ஓங்கரித்தால் ஓர் இடம் பின்னால் வாருங்கள். உள்ளே போகும்போது அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் பல குழந்தைகள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தைலம் தடவிய கைக்குட்டை வேண்டாம். லைன் வீட்டில் பொதுக் கக்கூஸ் என்றால் வீட்டுக்குள்ளே அந்தச் சீட்டிலேயே முடித்துவிட்டு, கொட்டுவதை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம், காற்றோட்டத்துக்குப் பஞ்சமில்லை.

"ச்சீ, நாத்தம்" என்று குழந்தையின் மலத்தைப் பார்த்துச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நாற்றத்துக்குப் பயந்த குழந்தை மலத்தை அடக்கும். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவந்து நிற்பது முக்குவதாகத் தெரியும், உண்மையில் அடக்குகிறது. அடக்க அடக்க இறுகும், இறுகியது வலிக்கும், வலித்ததை மறுபடி அடக்கும். இந்த நேரத்தில்தான் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டோ சோப்புத் துண்டோடோ வருவார். வேண்டாம் அம்முச்சி. நாற்றத்துக்குப் பயந்த குழந்தை இனிப் பின்பக்கம் யார் கை வந்தாலும் பயப்படும்.

உள்ளே மலம் கல்லாக அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்துவிட்டு வருகிறவர்கள் குறைவில்லை. வாரத்துக்கு மூன்று தரத்துக்கும் குறைவாகப் போனால், மலத்தில் இரத்தம் வந்தால், வயிறு உப்பினால் காட்டுங்கள். பிறந்து இரண்டு நாளைக்குள் முதல் காட்டுமலம் போனதா என்று கேட்போம், யோசித்துக்கொண்டு வாருங்கள். மருந்து கொடுத்தால் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். "பழகிப்போயிருமுங்க" என்று ஒரு வாரத்தில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் மாடு இருக்கிறதென்று நாளைக்கு ஒரு லிட்டர் பால் ஊட்டாதீர்கள், அரை லிட்டருக்குள் இருக்கட்டும். கொய்யா, பப்பாளி, கீரை, கம்பங்கூழ் எல்லாம் நம்மிடம் இருப்பவைதான்.

மணத்தோடு மிக்சிச் சத்தம், சட்டையின் லேபிள், சோற்றின் பதம் என்று எல்லாமே தொந்தரவாக இருந்து, பேச்சும் தாமதமாக இருந்தால் அது தனியாகப் பார்க்க வேண்டியது. அதற்குக் குழந்தை நல மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள்.

பள்ளிக்கு அனுப்பும்போது பையில் இரண்டு ஜட்டி கூடுதலாக வையுங்கள். எந்தக் கக்கூஸில் ஜன்னல் இருக்கிறது என்று முதல் நாளே நேரில் போய்ப் பாருங்கள். பினாயிலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஊற்றச் சொல்லி ஆயாம்மாவிடம் பணிவாகக் கேளுங்கள். டீச்சருக்கு ஒரு வார்த்தை: இந்தக் குழந்தை மூக்கைப் பொத்தினால் சிரிக்க வேண்டாம், அதைப் போக விடுங்கள்.